மீதி நூலில் ஒரு ஸ்வெட்டர்

ஊட்டி
நவம்பர் 18

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, கையில் ஊசி இருந்தால் எனக்கு வேறெதுவும் ஓடாது என்பது உனக்குத் தெரியும். பேரன் டிசம்பரில் வருகிறான். சென்னை வெயிலில் வளர்ந்த நாலு வயதுப் பிள்ளை, இங்கே உறைபனி விழுகிற நேரம். கடையில் வாங்க மனம் வரவில்லை. பரணிலிருந்து என் தகரப் பெட்டியை இறக்கினேன். இத்தனை வருடம் பின்னியதில் மிஞ்சிய உருண்டைகள் எல்லாம் அதில்தான்.

எது கம்பளி, எது அக்ரிலிக் என்று முதலில் பிரித்தேன். போன வருடம் இரண்டையும் கலந்து பின்னி வெந்நீரில் துவைத்துவிட்டேன். கம்பளிப் பட்டைகள் மட்டும் சுருங்கி, சட்டையே கோணிப்போனது. இரண்டு மாத உழைப்பு, அழுதுவிட்டேன். அதனால் இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் விரல் நீளம் வெட்டி விளக்கில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், கரியை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும். கம்பளியில் ஆறு நிறம் தேறியது. சமையல் தராசில் 240 கிராம்.

கைகளுக்கான நூலை முதலிலேயே எடைபோட்டு, நிறத்துக்கு நிறம் சரிபாதியாகப் பிரித்தேன். இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றிப் பின்னினால் கோடுகள் ஒரே மட்டத்தில் விழும். வரிசையின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நூலாவது வேண்டும் என்று உன் அம்மா சொல்லித் தந்த கணக்கு இன்னும் பொய்க்கவில்லை. மஞ்சளில் மட்டும் ஆசைப்பட்டு இன்னொரு வரிசை ஆரம்பித்தேன், எட்டுக் கண்ணி மிச்சமிருக்கும்போது நூல் தீர்ந்தது. பிரித்துவிட்டு அந்த இடத்தில் கருநீலம் வைத்தேன். அதுதான் இப்போது அழகாக இருக்கிறது.

கமலா, பெட்டியின் அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? உன் அம்மா கையால் நூற்ற வெள்ளை உருண்டை. உன் அப்பா சாண்டிநல்லா செம்மறிப் பண்ணையில் இருந்தபோது கொண்டுவந்த கம்பளி. ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் ஓடுகிற நூல். பின்னும்போது தடித்த இடம் விரலுக்கு வந்ததும், அங்கே அம்மா ஒரு நிமிடம் நிறுத்தி யாரையோ கூப்பிட்டிருப்பார் என்று தோன்றும். ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். அப்புறம் எடுப்பேன். அந்த வெள்ளையை நெஞ்சுப் பகுதியில் போட்டிருக்கிறேன். நாலு விரல் அகலம்தான் வந்தது.

உன் முழங்கால் இப்போது எப்படி? மாடிப்படி ஏறாதே என்று மருத்துவர் சொன்னதைக் கேட்கிறாயா? எனக்குக் கண் அறுவை முடிந்து நிறங்கள் புதிதாகத் தெரிகின்றன. பழுப்பு என்று நினைத்து வைத்திருந்த ஒரு உருண்டை நல்ல ஊதா!

சரி, ஒரு உதவி வேண்டும். கழுத்துப்பட்டைக்கு 20 கிராம் குறைகிறது. நீ உன் மகளுக்குப் பின்னிய சிவப்புச் சால்வையில் மிச்சம் இருந்தால் தபாலில் போடு. அனுப்புவதற்கு முன் ஒரு இழையை விளக்கில் காட்டிப் பார்.

அன்புடன்,
உன் சரோஜா