எடுக்கும்போதும் விடும்போதும் ஒரு காரணம்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய ஆடவர் கிரிக்கெட் தேர்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். கடந்த இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கிரிக்கெட் குழுவுக்கு ஸ்கோர் எழுதி வருகிறேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் நானும் ஒருவன். டெஸ்ட் கிரிக்கெட்டைப் போலவே கிளப் கால்பந்தையும் விடாமல் பார்த்து வருபவன். இரண்டையும் இத்தனை ஆண்டுகள் பார்த்ததில் என் மனதில் வளர்ந்த ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இந்த மடல். டெஸ்ட் அணியில் ஒருவரைச் சேர்க்கும்போதும் விடும்போதும் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து, அணிப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள்.

ஸ்கோர் எழுதுபவனுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ரன் வராத பந்துக்கும் நாங்கள் ஒரு புள்ளி வைக்கிறோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, எல்லைக்கோட்டில் நிற்பவர் கண்ணுக்கு மறைந்துவிட்டால், ஆட்டம் நின்ற நேரத்தையும் மீண்டும் தொடங்கிய நேரத்தையும் ஓரத்தில் குறிக்கிறோம். ஆட்டத்துக்குள் நடக்கும் அனைத்துக்கும் கணக்கு இருக்கும்போது, ஒருவர் அந்த ஆட்டத்துக்குள் வந்ததற்கும் வெளியேறியதற்கும் மட்டும் கணக்கு இல்லாமல் இருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

கருண் நாயரை எடுத்துக்கொள்கிறேன். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 303 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அது அவருடைய மூன்றாவது டெஸ்ட். அடுத்து ஹைதராபாத்தில் வங்கதேசத்துடன் நடந்த டெஸ்டில், காயம் தேறித் திரும்பிய ரஹானேவுக்கு இடம் கொடுத்து அவர் வெளியே உட்கார்ந்தார். காயத்தால் இடத்தை இழந்தவருக்கு அந்த இடத்தைத் திருப்பித் தருவது முறைதான் என்று அன்று என்னோடு வாதிட்டவர்களிடம் நானே சொன்னேன். ஆனால் 2018இல் இங்கிலாந்துப் பயணத்தில் முதலிலிருந்தே அணியோடு இருந்த அவரை வெளியே வைத்துவிட்டு, கடைசி இரண்டு டெஸ்டுகளுக்கு அழைக்கப்பட்ட ஹனுமா விஹாரியை ஓவல் மைதானத்தில் ஆடவைத்தபோது என்னால் எந்த விளக்கமும் சொல்ல முடியவில்லை. விஹாரி அந்த ஆட்டத்தில் அரைசதம் அடித்தார். ஆகவே அவரை எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் என் மனதை விட்டு நீங்கவில்லை. தன்னிடம் யாருமே பேசவில்லை என்றார் கருண். நான் நேரிலேயே பேசினேன் என்றார் அன்றைய தேர்வுக் குழுத் தலைவர். அதே வாரங்களில் முரளி விஜய்யும் மூன்றாவது டெஸ்டில் நீக்கப்பட்டபின் தன்னிடம் ஒருவரும் காரணம் சொல்லவில்லை என்றார். அவரிடமும் விளக்கமாகச் சொல்லப்பட்டதாகக் குழுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. 61 டெஸ்டுகளில் 12 சதம் அடித்த ஒருவரும், முச்சதம் அடித்த ஒருவரும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவும், பேசினார்களா இல்லையா என்பதையே பத்திரிகைகளின் வழியே வாதிட நேர்ந்தது. இரு தரப்பில் எவரும் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நான் கருதவில்லை. ஓய்வறையிலோ ஹோட்டல் நடைக்கூடத்திலோ ஆறுதலாகச் சொன்ன சில சொற்களைச் சொன்னவர் விளக்கம் என்று நினைத்திருக்கலாம், கேட்டவர் ஆறுதல் என்று மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். தாளில் இரண்டு வரி இருந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

2022 டிசம்பரில் கருண், அன்புள்ள கிரிக்கெட்டே, எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடு என்று எழுதினார். 2024-25 ரஞ்சிப் பருவத்தில் விதர்பாவுக்காக 863 ரன் குவித்து, கோப்பையையும் வென்று, எட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் டெஸ்ட் ஆடினார். இங்கிலாந்தில் எட்டு இன்னிங்ஸ் ஆடி ஒரே ஓர் அரைசதம் எடுத்தார். அடுத்த தொடரில் அவர் பெயர் இல்லாதபோது, அவரிடமிருந்து இன்னும் அதிகம் எதிர்பார்த்தோம் என்று குழுத் தலைவர் அஜித் அகர்கர் செய்தியாளர் சந்திப்பில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் மனதார மதிக்கிறேன். சர்ஃபராஸ் கானை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லாததற்கும் 2025 மே மாதம் அகர்கர் பதில் சொன்னார்: பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரு சதம் அடித்தார், அதன் பிறகு ரன் வரவில்லை என்றார். கணக்கைப் பார்த்தால் 150க்குப் பிறகு 11, 9, 0, 1. சரிதான். ஆனால் அந்த நான்கு இன்னிங்ஸிலும் பூனாவிலும் மும்பையிலும் பந்து எப்படித் திரும்பியது, மற்றவர்கள் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று நான் பதிலுக்குக் கேட்க முடிகிறது. காரணம் சொல்லப்பட்டால்தான் அதை ஏற்கவோ மறுக்கவோ ஒரு ரசிகனால் முடியும். 2023இல் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வினை வெளியே வைத்தது எங்கள் ஊரில் பலருக்கும் ஆறாத வருத்தம். ஆடும் பதினொருவரை முடிவு செய்வது உங்கள் குழு அல்ல, அணித் தலைமை என்பதை அறிவேன். அன்று ரோஹித் சர்மா டாஸ் நேரத்திலேயே வானிலையையும் ஆடுகளத்தையும் காரணமாகச் சொன்னார். இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அவர் சொன்ன காரணம் தவறு என்பது இன்றுவரை என் கருத்து. ஆனாலும் அது ஒளிவுமறைவில்லாத முடிவு.

செய்தியாளர் ஒருவர் கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம் என்ற நிலைதான் மாற வேண்டும். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்ற சாய் கிஷோர் ஏன் டெஸ்ட் அணிக்கு அழைக்கப்படவில்லை? ஜடேஜாவும் அக்ஷரும் குல்தீப்பும் இருக்கும்போது இன்னொரு இடக்கைச் சுழற்பந்து வீச்சாளருக்கு இடமில்லை என்று நானே ஊகிக்கிறேன். ஊகம் விடை ஆகாது. நூறுக்கும் மேற்பட்ட முதல்தர ஆட்டங்கள் ஆடிய அபிமன்யு ஈஸ்வரன் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் முழுத் தொடர்களுக்கு அணியோடு இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். அவருக்கு ஒரு டெஸ்டாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னைக் கடந்த எங்கள் பத்ரிநாத் இரண்டே டெஸ்டுகளோடு நின்றுபோனதற்கும் எழுத்தில் ஒரு காரணம் எங்கும் இல்லை.

இதை நான் வெளியிலிருந்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் ஓர் ஆட்டம். தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் வேலையில் இருந்த பத்தொன்பது வயது இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன் ஒருவனை அந்த முறை விட்டுவிட முடிவு செய்தோம். நான் சொல்லிவிட்டேன் என்று அணித்தலைவர் நினைத்தார். அவர் சொல்லிவிட்டார் என்று நான் நினைத்தேன். காலை ஆறு மணிக்கு ஜான்ஸ்டன் சதுக்கத்தில் ஜீப் வந்து நின்றபோது, ஷூவுக்குப் புதிதாக வெள்ளை பூசி, தோளில் பையோடு, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். ஜீப்பில் ஆட்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தான். "சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் திரும்பி நடந்தான். அந்த மாதம் முழுவதும் அவன் பயிற்சிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கினோம். விடப்படும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரி: "ஆடுகள மேட் ஈரமாக இருக்கும், கூடுதலாக ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேவை." "இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை." "தோள் வலி." பையன்கள் படிக்கிறார்கள், சண்டைக்கும் வருகிறார்கள். எங்களுக்கு இதில் கிடைத்த பெரிய பயன் வேறு. இரண்டு முறை ஒருவரை விடுவது என்று பேசி முடித்து, காரணத்தை எழுத உட்கார்ந்தபோது எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்து, முடிவையே மாற்றியிருக்கிறோம். எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதிருந்தால் அந்த இருவரும் வெளியே இருந்திருப்பார்கள். ஊர்க் குழுவையும் நாட்டின் அணியையும் ஒன்றாக்கிப் பேசவில்லை. உங்கள் பொறுப்பின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரை விட்டுவிடும்போது மனித மனம் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இனி கால்பந்துக்கு வருகிறேன். பணம் ஒன்றே குறி என்று பலர் ஒதுக்கிப் பேசும் கிளப் கால்பந்தில், ஒருவர் ஏன் போனார் என்பதில் மர்மம் குறைவு. ஒப்பந்தம் முடிந்தது, இவ்வளவு தொகைக்கு மாறினார், இந்தப் பருவத்துக்கு மட்டும் கடனாகப் போகிறார் என்று ஏதோ ஒன்று அறிவிக்கப்பட்டுவிடும். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தை எடுத்தபோது, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிப் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி அடுத்த ஆண்டே ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். எட்வின் சிட்னி வன்ஸ்பால் 'சென்னையின் எஃப்.சி.' அணிக்குப் போனார். கண்முன்னே ஓர் அணி கலைந்தது மனதுக்கு வலித்தது. ஆனாலும் யார் எங்கே போனார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொரு விதி. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்கு விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 2017இல் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் போனபோது, சிறுவனாக அவர் ஆடிய பிரேசிலின் சான்டோஸ் கிளப்புக்கும் அதில் பங்கு இருந்தது. இதற்காகவே ஒவ்வொரு வீரருக்கும் எந்த வயதில் எங்கே ஆடினார் என்று காட்டும் ஒரு பதிவேட்டை வைத்து, 2022 நவம்பர் முதல் அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கத் தனி அமைப்பையும் ஃபிஃபா நடத்துகிறது. பதிவு இல்லாத கிளப்புக்கு ஒன்றும் வராது என்பதும் உண்மை. எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் சமவெளிக் கிளப்புகளுக்குப் போனபோது, அவர்களை முறைப்படி பதிவு செய்து வைக்காததால் ஊர்க் குழுவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லாமல் போயிற்று. அது எங்கள் தவறு.

கிரிக்கெட்டில் அப்படியொரு பதிவேடே கிடையாது. வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா சென்ற நடராஜன், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி அணிந்து முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியை நாடு அறிந்தது அவரால்தான். 2023இல் அந்த ஊரில் தன் முயற்சியிலேயே ஒரு மைதானத்தை அமைத்துத் திறந்தார். கால்பந்தில் விதியாக இருப்பது, கிரிக்கெட்டில் ஒரு வீரரின் நல்ல மனதை நம்பியிருக்கிறது. பணப் பங்கீடு உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பது தெரியும். ஆனால் அணியை அறிவிக்கும்போது ஒவ்வொருவரும் எந்த ஊரில், எந்தக் கிளப்பில் ஆடி வளர்ந்தார் என்பதையும் ஒரு வரி சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

காரணத்தை வெளியிட்டால் வீரரின் மனம் புண்படும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்த அக்கறை நியாயமானது. குறைகளை அடுக்கும்படி நான் கேட்கவில்லை. உடல்தகுதி, ஆடுகளத்துக்கேற்ற அணி அமைப்பு, அண்மைய ரன்னும் விக்கெட்டும், எதிர்காலத்துக்காக இளையவருக்கு வாய்ப்பு என்று எது உண்மையோ அதை ஒரு வரியில் சொன்னால் போதும். வெளியிடும் முன் அதே வரியை அந்த வீரர் உங்களிடமிருந்து நேரில் கேட்டிருக்க வேண்டும். மீண்டும் வர என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. 2021 மார்ச்சுக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள் டெஸ்ட் ஆடாதிருந்த வாஷிங்டன் சுந்தர், 2024 அக்டோபரில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 152 ரன் எடுத்த கையோடு அழைக்கப்பட்டு, பூனாவில் 59 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்தார். ரஞ்சியில் ஆடுவதை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று. இன்னும் எத்தனையோ பேர் அதே மைதானங்களில், எதை நோக்கி ஆடுகிறோம் என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த டெஸ்ட் தொடருக்கான பட்டியலிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அன்று விடப்பட்டவர்களின் பெயர்களுக்கு எதிரே நீங்கள் எழுதும் வரிகளை எங்கள் பையன்களுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து, ஊர்க் குழுவுக்கு ஸ்கோர் எழுதும் ஒருவன்