ரெக்கார்டு வேண்டாம், கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"பாட்டை ரெக்கார்டு பண்ணிப் போட்டுவிட்டு ஆடவேண்டியதுதானே, எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்று போனில் கேட்டாய். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். செலவுக் கணக்கு அவர் கையில் இருக்கிறது, சொல்லத்தான் செய்வார். போனில் சண்டை போட வேண்டாமென்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, நம் திருவான்மியூர் பூங்கா மேடையில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாகப் போடுகிறோம். மார்கழியில் வைத்தால் வாத்தியக்காரர்கள் சபா சபாவாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் வைத்தால் மழை. 1944-ல் ருக்மிணி தேவி, தாம் தொடங்கிய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் முதல் நாட்டிய நாடகமாகப் போட்டது இதைத்தான். எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் டீச்சர் அங்கே படித்தவர், அதனால் அவருக்கு இதில் தனிப் பிரியம். ஆனாலும் அதைப் போலச் செய்ய வேண்டாம், நம் இடத்துக்குத் தகுந்தபடி செய்வோம் என்று அவரே சொல்லிவிட்டார். அவருடைய ஒரே பிடிவாதம் பலகை. சிமெண்ட் தரையில் தட்டி ஆடினால் பிள்ளைகளின் முழங்கால் போய்விடும் என்று மேடை முழுக்கப் பலகை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

குற்றாலநாதர் மேல் காதல் கொள்ளும் நாயகி வசந்தவல்லியாக எதிர் பிளாக் பெண் ஆடுகிறாள். பந்தடிக்கும் பாட்டுக்கு அவள் கால் அப்படிப் பேசுகிறது. அவளுக்குக் குறி சொல்லும் குறத்தி சிங்கி நான்தான். சிரிக்காதே. இந்த வயதில் குறி சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

சிங்கியின் புருஷன் சிங்கன் ஊரெல்லாம் தேடிச் சிங்கியைக் கண்டுபிடிக்கும் இடம் உனக்கு நினைவிருக்கும். அவள் காலில் கிடக்கும் சிலம்பைப் பார்த்து மிரள்வான், இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். அவளும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே போவாள். நாடகத்தின் உயிரே அங்கேதான் என்பேன். வசந்தவல்லியின் விரகமெல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான். ஒவ்வொரு பதிலுக்கும் ஜனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எப்போது அடங்கும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் சுண்டல்காரர் மணியடிப்பார், நாய் மேடையேறும், எந்தக் குழந்தையாவது அம்மாவைப் பார்த்துக் கையாட்டும். ரெக்கார்டு தன்பாட்டுக்கு ஓடிவிடும். நேரில் பாடுகிறவரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் புருவத்தைத் தூக்கினால்தான் அடுத்த அடியை எடுப்பார். திறந்தவெளியில் எனக்கு அந்த ஆள் வேண்டும்.

கஷ்டம் இல்லையென்று சொல்லமாட்டேன். தைப் பனியில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். நடுவில் கல்லை எடுத்துத் தட்ட வேண்டியிருக்கும். கடற்காற்று மைக்கில் புகுந்து இரைச்சல் போடும் என்பதால் பஞ்சு உறை வாங்கியாயிற்று. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதியும் கேட்டிருக்கிறோம். எப்படியும் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, அதனால் நாடகத்தை வெட்டத்தான் வேண்டும். சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் பறவை பிடிக்கும் காட்சி நீளம், அதை எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். காலனிக் குழந்தைகள் அத்தனை பேரும் அதில் பறவைகள்! அதை எடுத்தால் பார்க்க வருவது யார்?

டிக்கெட் கிடையாது. இதை எழுதிய திரிகூட ராசப்பக் கவிராயருக்காவது மதுரை மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் குறவஞ்சி மேடு என்று நிலம் கொடுத்தார். எங்களுக்கு அசோசியேஷன் தரும் இட்லியும் காப்பியும்தான்.

உன் சலங்கை பரணில் இருக்கிறது. வசந்தவல்லிக்குக் கொடுக்கவா? வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு. சுவாமி வரவைக் கூவி அறிவிக்கும் கட்டியங்காரனுக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சித்தப்பாவின் குரல் மைக்கில்லாமலே பார்க் கேட் வரை போகும், ஆனால் நான் கேட்டால் முழங்கால் வலி என்கிறார். நீ ஒரு போன் போடு, உனக்கு அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

அன்புடன்,
அம்மா