பர்மா விவசாயிக்கு மஞ்சள் பூச வேண்டாம்: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

உன் நாடகத்தின் இரண்டாம் பாதியை நம் பக்கத்து ஊர்கள் அத்தனையும் பார்க்க வேண்டும். பர்மாவுக்கு வட்டித்தொழில் செய்யப் போன நம் செட்டியார் ஒருவருக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த பையன், தகப்பனான அப்பச்சியின் ஊருக்கு வந்து வீட்டு வளவில் நிற்கிறான். கல்யாணப் பேச்சு எழுகிறது. "கோயில் மாலை வராதப்பா" என்கிறார் ஒரு பெரியவர். குரலை உயர்த்தவில்லை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதையும் நிறுத்தவில்லை. நம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம் புள்ளியில், அதாவது கோயிலின் குடும்பக் கணக்கில், ஏறும். ஏறினால்தான் அவன் நம்மவன். யார் உள்ளே, யார் வெளியே என்பதை நாம் எப்படித் தீர்மானித்தோம் என்று மேடையில் இவ்வளவு நேராக நான் பார்த்ததில்லை. முன்வரிசை ஆச்சிகள் அந்த இடத்தில் அசையவே இல்லை.

முதல் பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒத்திகை முடிந்ததும் உன்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், பேச முடியவில்லை. எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டதற்கு நீ சரியென்றாய். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பர்மாவில் நம் வட்டிக்கடை. பெட்டியடியில், கணக்குப் பெட்டி முன்னால், கடையை நடத்தும் மேலாள் உட்கார்ந்திருக்கிறார். பர்மிய விவசாயி வருகிறான். முகம் முழுக்க மஞ்சள் பூச்சு. கண்ணோரத்தில் கறுப்பு மையை நெற்றிப்பொட்டு வரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து மூக்கால் ஏதோ பேசுகிறான். அது பர்மிய மொழி இல்லை, எந்த மொழியும் இல்லை. கூட்டம் சிரிக்கிறது. திருவிழா நாடகத்தில் பபூன் வந்தால் எழும் அதே சிரிப்பு. பபூனுக்காவது வாய் உண்டு, ராஜாவையே மடக்குவான். இவன் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போனவன், திரும்பி வரவே இல்லை. அதன்பிறகு மேடை முழுக்க நம் துயரம்: 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுகிறது, கடையைப் பூட்டிக்கொண்டு காட்டு வழியே நடக்கிறார்கள், வழியிலேயே சாகிறார்கள்.

அந்தத் துயரம் பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1930 வாக்கில் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை படுத்துவிட்டது. கடன் வாங்கியவர்களால் வட்டி கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6, 1938இல் 25. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, பணமாகத் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள் என்று வீட்டில் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். அது உண்மைதான். ஆனால் அந்த வயலில் தலைமுறை தலைமுறையாக உழுதவன் அதை எப்படிப் பார்த்திருப்பான்? தன் மொழி பேசாத, தன்னைப் போல இல்லாத ஒருவன் பேரேட்டைத் திறந்து, நிலம் இனி உன்னுடையதில்லை என்கிறான். இந்தக் கணக்கு மேடைக்கு வராவிட்டால், 1948இல் சுதந்திர பர்மா கொண்டுவந்த நில நாட்டுடைமைச் சட்டம் வானத்திலிருந்து விழுந்த இடிபோலத்தான் தெரியும்.

அத்தை, காரைக்குடியில் பர்மிய நடிகருக்கு எங்கே போவது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. இதே கேள்வியில் உலகத்துப் பெரிய மேடைகளே தடுமாறியிருக்கின்றன. 'மிஸ் சைகோன்' இசை நாடகம் 1989இல் லண்டனில் அரங்கேறியபோது, பாதி வியட்நாமியரான ஒரு பாத்திரத்தில் ஜொனாதன் பிரைஸ் என்ற வேல்ஸ் நாட்டு வெள்ளைக்கார நடிகர் கண்ணில் ஒட்டு வைத்து, தோலுக்குச் சாயம் பூசி நடித்தார். (நம்மவர்கள் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டிய அதே சைகோன்தான்.) அவரை நியூயார்க்குக்கு அழைத்தபோது ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். நடிகர் சங்கம் 1990இல் முதலில் அனுமதி மறுத்தது, தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்கிறேன் என்றதும் இறங்கிவந்தது. அந்தப் போராட்டத்தில் நின்ற டேவிட் ஹென்றி ஹுவாங், 2007இல் அதையே வைத்து 'யெல்லோ ஃபேஸ்' (மஞ்சள் முகம்) என்று ஒரு நாடகம் எழுதினார்.

அப்படியானால் அந்தந்த இனத்தார்தான் அந்தந்த வேடம் போட வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. அன்னா டெவேர் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்ணைப் பார். 1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. அவர் இரு தரப்பாரையும் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, 'ஃபயர்ஸ் இன் த மிரர்' நாடகத்தில் அத்தனை பேரையும் தான் ஒருவராகவே நடித்தார். அவர்கள் சொன்ன சொல், திக்கிய இடம், விட்ட மூச்சு எல்லாம் அப்படியே. யாருடைய முகத்தையும் பூசிக்கொள்ளவில்லை, பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார். உனக்கு வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விவசாயியாக நடிக்கும் தம்பி நல்ல நடிகன். அரிதாரத்தைக் கழுவிவிட்டு, அவன் தன் சொந்த முகத்தோடேயே வரட்டும். வாயில் மட்டும் உண்மையான பர்மியச் சொற்கள் இருக்கட்டும்.

கூட்டத்துக்குப் புரியாதே என்று பயப்படாதே. எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' 2019இல் சிட்னியில் அரங்கேறியது. இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை. அதில் பாத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேச, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்டார்கள். நம் ஊர் சனம் விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கிற சனம், கேட்காதா? விவசாயி பர்மிய மொழியில் பேசட்டும், பெட்டியடிப் பையன் அதை மேலாளுக்குத் தமிழில் சொல்லட்டும். அவன் சொல்லத் தயங்கி விழுங்குகிற இடம் ஒன்று வந்தால், அது போதும், வேறு வசனம் வேண்டாம்.

பையனின் தாயையும் இப்போது படத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிறாய். அவளுக்கும் ஒரு காட்சி கொடு. மகனைக் கப்பலேற்றும்போது அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறது. அங்கிருந்து திரும்பி வந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு. அந்த மொழி இன்னும் நாக்கில் தங்கியிருக்கும் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரி. இருந்தால் எழுதி வைத்த வசனத்தைக் கொண்டுபோய் நீட்டாதே. அவர்கள் பேசட்டும், நீ பதிவு செய்துகொள். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வருகிறேன். விவசாயியாக நடிக்கும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அத்தை