உப்பைக் குறை என்றது அப்பாவுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "வேலை இருக்கும்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ உலை முன்னால் நிற்கிற போட்டோவை அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். மகனுக்குக் கீழே இத்தனை பேர் என்று அவருக்குப் பெருமை. எனக்கும்தான். ஆனால் என் கண் போனது உன் சட்டைக்கு. முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. அது தூசி என்று நினைக்க, வார்டில் இத்தனை வருஷம் இருந்தவளால் முடியுமா? உப்பு.

உலைப் பக்கம் வேலை செய்கிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அந்த ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பும் போகலாம், நான்கு கிராமும் போகலாம். ஆளுக்கு ஆள் மாறும். சட்டை இப்படி வெளுக்கிறவனுக்கு நிறையவே போகிறது என்று அர்த்தம்.

"தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்" என்கிறாய். எனக்குப் பயமே அதுதான். உப்பை இழந்த உடம்பில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து, முற்றினால் வலிப்பு வரை போகும். தண்ணீர் மட்டும் குடித்த சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தசை பிடித்துக்கொள்வதைப் பற்றி 1923-லேயே எழுதிவிட்டார்கள். பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் போதும். ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்டாதே.

நம் வீட்டில் உப்பைக் குறைத்தது அப்பாவின் பிரஷருக்காக. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை அடுக்களையில் எழுதி ஒட்டியது நான்தான். நாளெல்லாம் வியர்க்கிற உனக்கு அந்தக் கணக்கு சரிவராது. நீ இன்னமும் சப்பென்றுதான் சாப்பிடுகிறாயாம். அதுவும் அக்கா சொல்லவில்லை. அதற்காக உப்பு மாத்திரையை வாங்கி விழுங்காதே, குமட்டி வாந்திதான் வரும். வேளைக்குச் சாப்பிடு, சாப்பாட்டில் உப்பு இருக்கட்டும். ஷிஃப்ட் நடுவில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. தள்ளிப்போடுகிறவன் நீ, எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஒரு மாதம் லீவில் இங்கே இருந்துவிட்டுப் போனாய். வெக்கை பழகிய உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு வியர்க்கும். அந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். லீவில் அது விட்டுப்போயிருக்கும். பழைய ஆளாகவே இருந்தாலும் திரும்பி வந்தால் முதல் நாள் பாதி வேலை, மறுநாள் 60 சதவீதம், அப்புறம் 80, நான்காம் நாள்தான் முழு வேலை என்று அமெரிக்காவில் தொழிலாளர் நலத்துக்கென்றே இருக்கிற நியோஷ் சொல்கிறது. நீ போன அன்றே முழு ஷிஃப்ட் நின்றிருக்கிறாய். யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

கெண்டைக்காலோ வயிறோ பிடித்தால் வேலையை நிறுத்து. "இதோ முடித்துவிடுகிறேன்" வேண்டாம். நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ் குடி. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கெட்டியாகக் கலந்தால் நல்லது என்று நினைக்காதே. ஒரு மணி நேரத்தில் விடவில்லையென்றால் டாக்டரிடம் போ. கூட இருக்கிறவர்களிடமும் சொல்லிவை: பேச்சுக் குழறினால், ஆள் தடுமாறினால், அது வெறும் உப்புக் குறைவு என்று விடக்கூடாது. வாயில் எதையும் ஊற்றாமல், மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மாமாவும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் நடக்கப் போன பிறகு கூப்பிடு. "நல்லா இருக்கேம்மா" வேண்டாம். கால் இப்போது எப்படி இருக்கிறது, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, இரண்டையும் சொல். நர்ஸிடம் சொல்ல வெட்கம் எதற்கு? சாப்பாட்டில் உப்புப் போட்டுக்கொள்.

அம்மா