கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை முழுதாகப் படிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடுவதை, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பணியாற்றிய காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பெண்களுக்கு அது சரியான சிகிச்சைதான். ஆனால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடாக இருக்குமோ என்ற ஐயம் எழ வேண்டும். அதற்குப் பதிலாக, "மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பாய்" என்ற ஏச்சுதான் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது.

இத்தனைக்கும் ஐயத்துக்கான தடயம் அவள் கையிலுள்ள சீட்டிலேயே அச்சாகியிருக்கும். ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணுக்கள் 52 லட்சம், சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 63 என்று சீட்டு வந்தால், முதல் எண்ணை மட்டும் பேனாவால் வட்டமிடுவார்கள். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுக்கும்போது அவற்றின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். இவ்வளவு சிறுத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், தலசீமியா மைனராக, அதாவது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று கருதி, ஹீமோகுளோபின் வகைகளில் ஒன்றான ஏ2வின் அளவைப் பார்ப்பதே முறை. அது 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மைனர் என்று கொள்ளலாம். இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவைச் சற்றுத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால், இரண்டும் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் கூடுதல் கவனம் தேவை.

மைனராக இருப்பவர் மற்றவர்களைப் போலவே வாழலாம். கணவரும் மைனராக இருக்கும்போதுதான், குழந்தை தலசீமியா மேஜராக, அதாவது அந்த நோயின் கடுமையான வடிவத்தோடு பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு ஏற்படுகிறது. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்று கணக்குப் போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது தவறு, ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும் அதே 25 விழுக்காடுதான். மேஜராகப் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றவும் தொடர்ந்து மருந்து தர வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால், இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமக்கும் வாய்ப்பு அத்தகைய குடும்பங்களில் அதிகம். இருந்தும் கணவரின் ரத்தத்தைப் பார்க்க யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "எனக்கென்ன குறை" என்று அவர் வருவதில்லை.

இதில் நாள் கடத்தவே கூடாது. நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 13 வாரங்களிலும், பனிக்குட நீரை 15 வாரம் முடிந்த பிறகும் எடுத்துக் கருவைச் சோதிக்கலாம். அதற்கு முன்பே பெற்றோர் இருவரின் மரபணு மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் கடந்து இதைச் சொன்னால், அந்தத் தம்பதி எதையும் யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்காது. ஸ்கேன் மையப் பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள் கருவைச் சோதிப்பதே குற்றம் என்று அஞ்சுகிறார்கள். பாலினம் அறிவதைத் தடுக்கும் அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஹீமோகுளோபின் குறைபாடுகளைக் கண்டறியும் சோதனையை அனுமதிக்கிறது.

எனவே, பேறுகாலப் பதிவின் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே, ஒரு சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினின் சராசரி அளவான எம்.சி.எச். 27க்குக் கீழ் இருந்தால், அந்த வாரமே ஏ2 பரிசோதனைக்கு மாதிரியை அனுப்பி, கணவரையும் வரவழைக்கும்படி தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரு அரசுகளின் சுகாதாரத் துறைகளும் உத்தரவிட வேண்டும். பாகூரில் பதிவு செய்த பெண் தலைப்பிரசவத்துக்குக் கடலூரிலுள்ள தாய்வீட்டுக்கு வருவதும், நெல்லிக்குப்பத்துப் பெண் புதுச்சேரி மருத்துவமனைக்குப் போவதும் இங்கு அன்றாடம் நடப்பவை என்பதால், முடிவை அவளுடைய அட்டையிலேயே எழுதித் தர வேண்டும். அந்த முடிவை வரிசையில் நிற்பவர்கள் காதுபட அறிவிக்காமல், கணவன் மனைவி இருவரையும் தனியே உட்கார வைத்து, இது இருவர் வழியாகவும் வருவது என்று விளக்கிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் "பெண் வீட்டு ரத்தம் சரியில்லை" என்ற பழியை அவள் ஒருத்திதான் சுமப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.