எழுத்துக் கணக்குப் புதிருக்கு விதியும் வழியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்களுக்குப் பதில் சொற்களை வைத்துக் கூட்டல் கணக்கு ஒன்றைத் தந்து, எந்த எழுத்து எந்த இலக்கம் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் எழுத்துக் கணக்குப் புதிர் தங்கள் ஞாயிறு இணைப்பில் வருகிறது. அதைக் குடியாத்தம் கிளை நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வு பெற்றவர்களுமாக ஏழெட்டுப் பேர் வாரந்தோறும் கூடிப் போடுகிறோம். ‘ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வெவ்வேறு எழுத்துக்கு வெவ்வேறு இலக்கம்’ என்ற வரி மட்டுமே புதிரின் மேல் அச்சாகிறது. தமிழுக்கு அது போதாது.

‘தாத்தா’ என்ற சொல்லையே பாருங்கள். ‘தா’, ‘த்’ இரண்டையும் வெவ்வேறு எழுத்தாகக் கொண்டால், 373 போல முதலும் கடைசியும் ஒத்து நடு இலக்கம் மாறுபடும் 81 எண்களில் ஒன்றாக அது இருக்கலாம். புள்ளியையும் காலையும் பாராமல் தகர வரிசை முழுவதையும் ஒரே எழுத்தாகக் கொண்டாலோ 111, 222 என ஒன்பது எண்களே உண்டு. சென்ற மாதப் புதிர் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவி முதல் முறையிலும், உடனிருந்த பெரியவர் இரண்டாம் முறையிலும் போட்டு, கூட்டலில் பிழையே இல்லாமல் வெவ்வேறு விடைக்கு வந்தார்கள். இன்னொருவர் ‘அ’ என்றால் எட்டுதானே என்று தொடங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் எண்ணில் ‘அ’ எட்டு, ‘வ’ கால் என்பதை வைத்துத்தான் ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ‘எட்டேகால் லட்சணமே’ என்று அவலட்சணத்தைச் சொல்கிறது.

மறுவாரம் விடை மட்டும் வருவது அடுத்த குறை. 1924-இல் ‘ஸ்ட்ராண்ட்’ என்ற ஆங்கில இதழில் புதிர் அமைப்பாளர் ஹென்றி டியூடனி வெளியிட்ட ‘சென்ட்’ (SEND), ‘மோர்’ (MORE) கூட்டினால் ‘மணி’ (MONEY) என்ற ஆங்கிலப் புதிருக்கு 9567 + 1085 = 10652 என்பது விடை. இதை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? நான்கிலக்க எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை 20,000-ஐ எட்டாது, ஆகவே விடையின் முதல் எழுத்தான ‘எம்’ (M) 1-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிபடும் கணத்தில்தான் அதன் முகம் மலர்கிறது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எனவே, உயிர்மெய் ஒவ்வொன்றும் தனி எழுத்தா என்பதைப் புதிரின் மேலேயே குறிப்பிடவும், விடையோடு முதல் மூன்று படிகளையாவது அச்சிடவும் வேண்டுகிறேன். தனி எழுத்தாகக் கொள்வதே தமிழ் நெடுங்கணக்குக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பத்து இலக்கங்களுக்குள் சொற்களை அடக்குவது அப்போது புதிர் அமைப்பவருக்குக் கடினம்தான். ஆயினும் பாப்பா, பாட்டி, மாமா போன்ற வீட்டுச் சொற்களே அதற்குக் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.