ஸ்தோத்திரச் சீட்டு

பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அண்ணனுடைய பென்ஷன் பாக்கி, மருமகளோடு மனஸ்தாபம், முழங்கால் வலி, சபைக் கமிட்டியில் நடக்கிற சண்டை என்று ஒன்றையும் நீ விடவில்லை. கடைசியில், "ஸ்தோத்திரம் சொல்லலாம்னு வாயைத் திறந்தா முறுமுறுப்புதான் வருது ஜெயா" என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "துதியுங்க, எல்லாம் மாறிடும்" என்று மைக்கில் கத்துகிறவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது. கர்த்தரிடம் காரியம் சாதிக்கத் துதி என்ன லஞ்சமா? 13-ம் சங்கீதத்தை எடுத்துப் பார். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சண்டைக்கு நிற்கிற மாதிரிதான் தாவீது ஆரம்பிக்கிறான். முடிக்கும்போது "அவரைப் பாடுவேன்" என்கிறான். இடையில் சத்துரு ஒழிந்தான் என்றோ கஷ்டம் தீர்ந்தது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. மாறினது அவன் மனசு மட்டும்தான். 88-ம் சங்கீதத்தில் அதுவும் நடக்கவில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே, நமக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை உனக்குத் தெரியாததல்ல, ஓய்வுநாள் பள்ளியில் நீயே நடத்தின பாடம்தான். வேதத்தில் அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம். தடியடி பட்ட முதுகோடு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, ஊழியத்துக்குப் போய்ப் பிடிபட்ட பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். பிரசங்கியார்கள் எல்லாரும் நேரே பூமியதிர்ச்சிக்கு ஓடிவிடுவார்கள். எனக்கோ அதற்குப் பிறகு நடந்ததில்தான் கண். கதவு திறந்துவிட்டது, கட்டும் கழன்றுவிட்டது. கைதிகள் ஓடிப்போனார்கள் என்று நினைத்து, சிறைச்சாலைக்காரன் தன்னையே வெட்டிக்கொள்ளப் பட்டயத்தை உருவுகிறான். இவர்கள் காலைத் தொழுமரத்தில் மாட்டிவைத்த அதே ஆள்! அடிபட்டவன் ராத்திரி முழுக்க "எனக்கு இப்படிப் பண்ணிட்டானே" என்று மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தவனாக இருந்தால், "சாகட்டும்" என்று போயிருப்பான். பவுலோ, "நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று சத்தம்போடுகிறான். கசப்பில்லாத வாயிலிருந்துதான் அது வரும். அந்தப் பாட்டு செய்த வேலை இது என்பது என் எண்ணம்.

விடிந்ததும் பார். அதிகாரிகள் ஆளனுப்பி "போகலாம்" என்கிறார்கள். பவுல் அசையவில்லை. ரோமரான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு, இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்கிறான். வந்தார்கள்! துதித்தால் அநியாயத்தை விழுங்கிக்கொண்டு போகவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? பென்ஷன் பாக்கிக்கு மனு போடு. பதில் வராவிட்டால் மறுபடியும் போடு. அதற்காக அந்த ஆபீஸ்காரரைத் தினமும் ராத்திரி படுக்கைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே.

இங்கே நம்ம கோயிலில், கிடைத்த நன்மையை எழுதிக் காணிக்கையோடு கொடுக்கிற ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டை வாசிப்பது இன்னும் இருக்கிறது. பேரனுக்கு வேலை, மகளுக்குச் சுகப்பிரசவம், புது பைக் என்று நம்ம சபைப் போதகர் ஐயர் வரிசையாக வாசிப்பார், நாம் பின்வரிசையில் கிசுகிசுத்துச் சிரிப்போமே. பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்த படுக்கை. போன மாதம் அவர்கள் சீட்டில், "செவ்வாய்க்கிழமை ராத்திரி அவர் இருமாமல் தூங்கினதற்காக, ஐம்பது ரூபாய்" என்று இருந்தது. வாசித்த ஐயரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார். அப்புறம் நான் யோசித்தேன்: நம்ம முறுமுறுப்பில் எப்போதும் "எல்லாமே", "யாருமே", "எப்பவுமே"தான் வரும். சீட்டு எழுத உட்கார்ந்தால் அது செல்லாது, எந்தக் கிழமை, என்ன நன்மை என்று தேடிப் பிடித்தாகவேண்டும். அந்த அக்கா வாரம் முழுக்க அப்படித் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அழுவதும் உண்டு, அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

காணிக்கை போடாவிட்டாலும் போகிறது, நீ சீட்டை மட்டும் எழுதிப் பாரேன். மருமகளைப் பற்றி ஒன்று எழுத முடிகிறதா என்று முதலில் பார். உன் கடிதத்திலேயே ஒன்று கிடக்கிறது, மூன்றாம் பக்கத்தில்: உன் முழங்காலுக்கு அவள்தான் தைலம் தேய்த்துவிடுகிறாளாம். அதைக்கூட "அழுத்தித் தேய்க்க மாட்டேங்கிறா" என்று புகாராகத்தான் எழுதியிருக்கிறாய், பாவி!

இங்கே மகன் சுகம், எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்துக்கு இந்த வருஷம் ஆட்டுக்கறிதான் என்று முடிவாகிவிட்டது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. வரும்போது அந்த மனுவின் நகலை எடுத்து வா. எங்கள் தெருவில் கருவூலத்தில் இருந்து ரிட்டயரான சார் ஒருவர் இருக்கிறார், பார்த்துச் சொல்வார்.

அன்புடன்,
ஜெயா